புக்மார்க் எதைச் சேமிக்கிறது?

பிரவுசரின் முகவரிப் பெட்டி ஓரத்தில் உள்ள நட்சத்திரத்தைத் தட்டினால் 'புக்மார்க் சேர்ந்தது' என்கிறது. பக்கமே நம்மிடம் வந்துவிட்டதாகப் பலரும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் வந்தது அதன் முகவரி, தலைப்பு, சேர்த்த நேரம் ஆகியவை மட்டும்தான். குரோம் இவை எல்லாவற்றையும் ஒரே ஒரு எழுத்துக் கோப்பில் எழுதி வைக்கிறது. ஆயிரம் புக்மார்க் இருந்தாலும் கைபேசியில் எடுத்த ஒரு போட்டோவின் அளவைத் தொடுவது அபூர்வம்.

முகவரி பத்திரமாக இருந்து என்ன, வீட்டைக் காலி செய்துவிட்டால்? அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குள் காணாமல் போய்விட்டன.

டவுன்லோடு வேறு ரகம். அதில் பொருளே வந்து சேர்கிறது, அதுவும் உடைந்து உடைந்து. 700 எம்பி வீடியோ என்றால் ஏறக்குறைய ஐந்து லட்சம் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் வரிசை எண் உண்டு. பிந்தியது முந்தி வந்தாலும் எண்ணைப் பார்த்து அடுக்கிவிடலாம். நடுவில் தொலைந்தது மறுபடி அனுப்பப்படும். கடைசிப் பொட்டலம் வரும்வரை குரோம் அந்தக் கோப்புக்குச் சொந்தப் பெயரைத் தருவதில்லை, வாலில் 'சிஆர்டவுன்லோடு' என்று ஒட்டி வைத்திருக்கும். 'இன்னும் 2 நிமிடம்' என்று காட்டுவது அப்போதைய வேகத்தை வைத்துப் போடும் குத்துமதிப்பு. அதை நம்பிக் காபி போடப் போகலாம், ரயிலைப் பிடிக்கப் போகக் கூடாது.

சரியாக 40 கோடி பைட் வந்தபோது கரண்ட் போய் வைஃபை அறுந்தது என்று வையுங்கள். பிரவுசரும் கோப்பை அனுப்பும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி விதிகளின் 1997ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இதற்கு வழி இருக்கிறது. இணைப்பு திரும்பியதும் பிரவுசர், '40,00,00,000ஆம் எண் பைட்டிலிருந்து கொடு' என்று சர்வரிடம் கேட்கும். (எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் கணக்கு சரிதான்.) சர்வர் 206 என்ற எண்ணோடு மிச்சத்தை மட்டும் அனுப்பும். 200 என்று வந்தால் முழுக் கோப்பும் முதலிலிருந்து வருகிறது என்று பொருள்.

இதற்கிடையில் சர்வரில் இருந்த கோப்பையே யாராவது மாற்றிவிட்டால்? பழைய தலையும் புதிய உடலும் ஒட்டி, எதற்கும் உதவாத கோப்பு ஒன்று மிஞ்சும். அதற்காகத்தான் சர்வர் முதல் முறையே 'ஈடேக்' என்ற அடையாளக் குறியைத் தந்து வைக்கிறது. பிரவுசர் அதைக் காட்டித்தான் மிச்சத்தைக் கேட்கும். குறி பொருந்தாவிட்டால் எல்லாம் புதிதாக வரும். எனக்கு இந்த ஏற்பாட்டிலேயே மிகவும் பிடித்தது இந்த முன்யோசனைதான். என்ன, எல்லா சர்வரும் இதற்கு ஒத்துழைப்பதில்லை. அங்கே 'ரெஸ்யூம்' தட்டினாலும் பூஜ்யம்தான்.

டவுன்லோடில் வருவது பொருள், புக்மார்க்கில் வருவது வெறும் முகவரி. ஆகவே, மறுபடி தேவைப்படும் என்று தோன்றும் பக்கத்தை புக்மார்க்கோடு விட்டுவிடாதீர்கள். பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஊருக்கே பயன்படும் பக்கம் என்றால், இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அதன் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலான பக்கங்களுக்கு அது இலவசமாகவே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும்.