பயணத் திட்டம் பாட்டியிடமிருந்து தொடங்கட்டும்

ஆப்பிரிக்கப் பயணத்துக்கென நாங்கள் முதன்முதலில் செலுத்திய தொகை அறுபதாயிரம் ரூபாய். அதில் ஒரு ரூபாயும் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. கடன் ஆவணங்களில் கையெழுத்திடும் முன் நிபந்தனைகளைப் படியுங்கள் என்று நாள்தோறும் வாடிக்கையாளர்களிடம் கூறும் நாங்கள், பயண முகவர் தந்த தாளின் கடைசிப் பத்தியைப் படிக்காமல் பணம் கட்டினோம். அந்தத் தவற்றிலிருந்து கற்றதையும், அதன் பின் சரியாகச் செய்து முடித்த பயணத்தையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டில் ஐவர்: நாங்கள் இருவர், ஒன்பதாம் வகுப்பில் மகள், ஐந்தாம் வகுப்பில் மகன், 68 வயதான அம்மா. தொலைக்காட்சியில் காட்டு விலங்கு நிகழ்ச்சி எதையும் அம்மா தவறவிடுவதில்லை. கென்யாவின் மசாய் மாராவில் இலட்சக்கணக்கான வில்டபீஸ்ட் மந்தைகள் ஆற்றைக் கடக்கும் காட்சியை அவர் பேரக்குழந்தைகளுடன் எத்தனை முறை பார்த்திருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. ஆகவே கென்யா என்று முடிவு செய்து முன்பணமும் கட்டினோம்.

ஒரு தடுப்பூசி மாற்றிய திட்டம்

கென்யா, மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் பட்டியலில் உள்ளது. அங்கிருந்து இந்தியா திரும்புவோர், தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான சான்றைக் காட்ட வேண்டும். இல்லையேல் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கப்படலாம். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இந்த ஊசி போடப்படுகிறது. போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே சான்று செல்லுபடியாகும். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் செல்லும்.

இவையெல்லாம் எங்களுக்குத் தெரிந்தே இருந்தன. தெரியாதது ஒன்றுதான். இது உயிருள்ள நுண்ணுயிரைக் கொண்டு செய்யப்படும் தடுப்பூசி. அறுபது வயதைக் கடந்தோர்க்கு முதன்முறையாகப் போடும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. அம்மா முடக்குவாதத்துக்காக, உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளைப் பல ஆண்டுகளாக உட்கொண்டு வருகிறார். "இவருக்கு இந்த ஊசி வேண்டாம்" என்று மருத்துவர் ஒரே சொற்றொடரில் முடித்துவிட்டார்.

அன்று இரவு அம்மா, "நீங்கள் நால்வரும் போய் வாருங்கள், நான் தங்கையின் வீட்டில் இருந்துகொள்கிறேன்" என்றார். குழந்தைகள் ஒப்பவில்லை. பாட்டி இல்லாத பயணம் தங்களுக்கு வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படமாட்டாது" என்ற வரியை முகவர் சுட்டிக்காட்டினார். அது எங்கள் கையெழுத்துக்கு நேர் மேலே இருந்தது.

நாடு மாறியது, கேள்வியும் மாறியது

இரண்டாம் முறை திட்டமிட்டபோது, எங்கே போகலாம் என்பதை விட்டு, அம்மாவால் எங்கே வர முடியும் என்பதிலிருந்து தொடங்கினோம். மஞ்சள் காய்ச்சல் இல்லாத நாடு. கரடுமுரடான பாதையில் நெடுநேரம் குலுங்காமல் விலங்குகளைக் காணும் வாய்ப்பு. நல்ல மருத்துவ வசதி. இம்மூன்றுக்கும் பொருந்தியது தென்னாப்பிரிக்கா.

அங்கே குருகர் தேசியப் பூங்கா 1926இல் அமைக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ இருபதாயிரம் சதுர கிலோமீட்டர். முக்கியச் சாலைகள் தார் போடப்பட்டவை. சொந்தமாகவோ வாடகைக்கோ எடுத்த காரில் நாமே ஓட்டிச் செல்லலாம். நம் நாட்டைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் முறை. தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேலும், மண் சாலையில் 40க்கு மேலும் ஓட்டக்கூடாது. குறிப்பிட்ட இடங்கள் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக்கூடாது. மூட்டுவலியுள்ள மூதாட்டிக்கு இதைவிட ஏற்ற காடு கிடைக்காது.

பருவமும் துணைநின்றது. நமக்குக் கோடை விடுமுறையான மே மாதத்தில் அங்கே குளிர்காலம் தொடங்குகிறது. மழை நின்று, புல் வாடி, விலங்குகள் நீர்நிலைகளை நாடி வரும் காலம் அது. குருகர் பகுதியில் மலேரியா உண்டு. குளிர்மாதங்களில் அபாயம் குறையுமே தவிர முற்றிலும் நீங்காது. ஆகவே, அம்மாவின் மற்ற மருந்துகளைக் கணக்கில் கொண்டு மருத்துவர் தேர்ந்தெடுத்த தடுப்பு மாத்திரைகளுடனே சென்றோம்.

விமானச் சீட்டில் இன்னொரு கண்ணி காத்திருந்தது. மும்பையிலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்லும் மலிவான சீட்டுகள் பெரும்பாலும் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக அமைகின்றன. இரண்டும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளில் உள்ளவை. அங்கே விமானம் மாறும்போது தாமதமாகி வெளியே தங்க நேர்ந்தால், விட்டு வந்த சிக்கல் மீண்டும் வந்து சேரும். சற்றுக் கூடுதலாகச் செலவழித்து வளைகுடா வழியாகச் சென்றோம்.

பணம் சேர்த்த விதம்

பயணத்துக்குக் கடன் வாங்குவதில்லை என்பது எங்கள் வீட்டு விதி. திரும்பி வந்த பிறகும் ஈராண்டு தவணை கட்டும் பயணம், மனத்தில் இனிமையாக நிற்பதில்லை. மாதம் ரூ.25,000 வீதம் 36 மாதங்களுக்குத் தொடர்வைப்புக் கணக்கு தொடங்கினோம். செலுத்தியது ஒன்பது இலட்சம். வட்டியுடன் கிடைத்தது பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தத் தொகைக்குள் பயணத்தை அடக்குவது என்று உறுதிகொண்டு, 21 நாட்களைத் திட்டமிட்டோம். இவ்வகையில் நாங்கள் அறிந்துகொண்ட சில செய்திகள் பிறருக்கும் பயன்படலாம்:

• இந்தியாவில் வாழும் ஒருவர், தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவோ அனுப்பவோ முடியும். ஆனால் ஒரு பயணத்துக்கு ரொக்க நோட்டுகளாகப் பொதுவாக 3,000 டாலருக்கு மேல் பெற இயலாது. மீதியைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்வதே நலம்.

• வெளிநாட்டுச் சுற்றுலாவைத் தொகுப்பாக வாங்கினால், விற்பவர் மூலத்தில் வரி வசூலிப்பார். இது வீண்செலவன்று, வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். எனினும் பயணத்துக்கு முன்பே அத்தொகை கையில் இருக்க வேண்டும். வீதம் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளதால், பணம் கட்டும் நாளில் நடைமுறையிலுள்ள வீதத்தைக் கேட்டறியுங்கள்.

• கார் வாடகை நிறுவனங்கள், ஓட்டுநர் பெயரிலுள்ள கடன் அட்டையில் ஒரு தொகையை நிறுத்திவைப்பது வழக்கம். புறப்படும் முன் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே இயக்கி வைக்க வேண்டும்.

• கடையில், "ரூபாயில் கட்டுகிறீர்களா, ராண்டிலா?" என்று கருவி கேட்டால் ராண்டையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால், மாற்று வீதத்தில் கூடுதல் இழப்பு ஏற்படும்.

• மருத்துவக் காப்பீட்டில் முதியோரின் நோய்களை மறைக்கக் கூடாது. அம்மாவுக்குக் கட்டணம் இருமடங்கானது. மறைத்துச் சேமித்த பணம், இழப்பீடு கேட்கும் நாளில் உதவாது.

ஆவணங்களிலும் கவனம் தேவை. பதினைந்து வயதுக்குட்பட்டோரின் கடவுச்சீட்டு ஐந்தாண்டுகளே செல்லும். மகனுடையது முடியும் நிலையில் இருந்ததை விசா விண்ணப்பத்தின்போதுதான் கண்டோம். பெற்றோர் இருவர் பெயரும் கொண்ட பிறப்புச் சான்றும் குழந்தைகளுக்குத் தேவைப்பட்டது. அம்மாவின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் வெற்றாக இருந்தது. நம் தமிழ்க் குடும்பங்களில் இது இயல்பே. சீட்டில் பெயர் எப்படிப் பதிவாக வேண்டும் என்பதை விமான நிறுவனத்திடம் முன்னதாகவே கேட்டுத் தெளிந்தோம்.

காட்டில் ஆறு நாள்

ஜோகன்னஸ்பர்க்கில் இரு நாள் ஓய்ந்த பின், குருகரில் ஆறு நாள். மே மாதத்தில் வாயில்கள் காலை ஆறு மணிக்குத் திறக்கும். மாலை ஐந்தரைக்குள் முகாம் திரும்பிவிட வேண்டும். விடியற்காலைக் குளிருக்கு அம்மாவின் கம்பளிச் சால்வை ஐவருக்கும் பயன்பட்டது.

லோயர் சபீ முகாமுக்கு அருகே சன்செட் அணை என்றொரு சிறு நீர்த்தேக்கம் உண்டு. சாலையோரத்திலேயே காரை நிறுத்திக்கொள்ளலாம். முதல் நாள் நாங்கள் சிங்கத்தைத் தேடி நூறு கிலோமீட்டருக்கு மேல் அலைந்து, இம்பாலா மான்களை மட்டுமே கண்டோம். மறுநாள் அம்மா, "எங்கும் ஓட வேண்டாம், இந்தக் குளக்கரையிலேயே இருப்போம்" என்றார். மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தோம். நீர்யானைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. முதலைகள் மரக்கட்டைகளைப் போலத் தெரிந்தன. பதினொரு மணியளவில் ஒரு யானைக் கூட்டம் குட்டிகளுடன் இறங்கி வந்தது. மகன் எண்ணி முடிப்பதற்குள் எண்ணிக்கையைத் தவறவிட்டான். அம்மா எண்ணவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டார்.

அடுத்து, ஹ்லுஹ்லுவே–இம்ஃபொலோசி. வரைபடத்தில் குறுக்கு வழி எஸ்வாத்தினி நாட்டின் ஊடே செல்கிறது. ஆனால் அது வேறு நாடு. மீண்டும் நுழைய அனுமதிக்கும் விசாவும், கார் நிறுவனத்தின் ஒப்புதல் கடிதமும் தேவை. சுற்று வழியே சென்றோம். 1895இல் காப்பகமான இக்காட்டில்தான் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் அழிவின் விளிம்பிலிருந்து மீண்டது. 1960களில் இங்கிருந்து பிற காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டவற்றின் வழித்தோன்றல்களே இன்று பல இடங்களில் வாழ்கின்றன.

இறுதி வாரம் டர்பனில். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் 342 பேர் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்திறங்கிய துறைமுகம் அது. கோயிலொன்றில் அம்மாவின் வயதொத்த ஒரு பெண்மணி அருகில் வந்து அமர்ந்தார். அவருக்குத் தமிழில் பேச வரவில்லை; ஆனால் பாடலை முழுமையாகப் பாடினார். இருவரும் கைகோத்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தனர்.

கணக்கு முடித்தபோது

திரும்பி வந்ததும் செலவைக் கூட்டிப் பார்த்தோம். இழந்த அறுபதாயிரத்தையும் சேர்த்து, சேமித்த தொகையைவிட நாற்பதாயிரம் மிகுதி. அதை அவ்வாண்டு தீபாவளிச் செலவில் குறைத்துச் சரிசெய்தோம். மீந்த ராண்டை வங்கியில் ஒப்படைத்தோம்; திரும்பிய 180 நாட்களுக்குள் இதைச் செய்ய வேண்டும், 2,000 டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது.

அடுத்த தொடர்வைப்புக் கணக்கு கடந்த மாதம் தொடங்கியாயிற்று. எந்த நாடு என்று குழந்தைகள் நாள்தோறும் கேட்கிறார்கள். பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் சென்ற பிறகு சொல்கிறோம் என்று கூறியிருக்கிறோம்.