சுருள் வந்தால் தள்ளு, தூசி வந்தால் தீட்டு!



முதலாமாண்டு ஒர்க்‌ஷாப்பில் இழைப்புளி தள்ளிக் கை காய்த்தவர்கள்தான் நாம் எல்லோரும். அந்த இழைப்புளிக்கே அடங்காத மரமும் உண்டு என்பது எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது.

துறைக் கண்காட்சியில் மாடல் வைக்க ஒரு வேங்கைப் பலகை தேவைப்பட்டது. தச்சு வேலை செய்யும் அப்பாவிடம் வாங்கி, "நானே இழைச்சுக்கிறேன்ப்பா" என்று வீறாப்பாக ஆரம்பித்தேன். ஓரிடம் வழவழவென்று வந்தது. நாலு விரல் தள்ளி சிராய் சிராயாகப் பெயர்ந்தது. திருப்பிப் போட்டுத் தள்ளினால், நன்றாயிருந்த இடம் பெயர்ந்தது. விடிந்தால் கண்காட்சி! உப்புத்தாளை எடுத்தேன். "குழியை அதால மறைக்க முடியாதுடா. வார்னிஷ் அடிச்சதும் காட்டிக் கொடுத்துடும்" என்று அப்பா பழைய ரம்பத் தகடு ஒன்றை நீட்டினார்.

அதுதான் மரத்துக்கான ஸ்கிரேப்பர். ஃபிட்டிங் ஷாப்பில் நாம் பார்த்தது வேறு.

இழைப்புளி ஏன் தோற்றது? வேங்கையில் நார் ஒரு பட்டையில் ஒரு பக்கமாகவும் அடுத்த பட்டையில் எதிராகவும் ஓடும். இழைப்புளி அலகு வழக்கமாக 45 டிகிரியில் ஆப்பு போல நுழைகிறது. எதிர் நாரில், அலகு வந்து சேருமுன்பே மரம் பிளந்துவிடும். ஸ்கிரேப்பரோ ஏறக்குறைய நிமிர்ந்து நின்று மெல்லிய சீவலாக எடுக்கிறது; பிளக்க வழியில்லை.

செய்வது எளிது:

1. சுமார் 0.8 மி.மீ. தடிமன், 150 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலத்தில் ரம்பத் தகடு போதும்.

2. வைஸில் பிடித்து, விளிம்பைச் சரியாக 90 டிகிரிக்கு ராவுங்கள். அரத்தின் வரிகள் போகும்வரை விளிம்பையும் இரு முகங்களையும் எண்ணெய்க் கல்லில் தேயுங்கள்.

3. தகட்டைவிடக் கடினமான, வழவழப்பான எஃகு வேண்டும். அப்பா உளியின் கூர்முனையில் துணி சுற்றிக்கொண்டு அதன் முதுகைப் பயன்படுத்தினார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முதலில் முகத்தில் படுக்கவைத்தும், பிறகு விளிம்பில் 5 முதல் 10 டிகிரி சாய்த்தும் அழுத்தி இழுக்க வேண்டும். விளிம்பில் பொடிக் கொக்கி போலப் பிசிறு மடங்கும். மரத்தை வெட்டுவது அந்தப் பிசிறுதான்!

தகட்டை இரு கட்டைவிரல்களாலும் நடுவில் அழுத்தி லேசாக வளைத்து, முன்பக்கம் சாய்த்துத் தள்ளுங்கள். விரல் சுடும், நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள். ஒரே இடத்தில் சுரண்டினால் பள்ளம் விழும். மிருதுவான மரத்துக்கு இது அவ்வளவாக ஒத்துவராது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் டிராயிங் போர்டு பிடித்தவன் நான். வெட்டுக்கோணம் பற்றி அப்பாவுக்கு விளக்கினேன். சிரித்துக்கொண்டே, "டிகிரி எல்லாம் எனக்குத் தெரியாது. சுருள் வந்தா தள்ளு, தூசி வந்தா தீட்டு" என்றார். பிசிறு மழுங்கினால் சுருள் தூசியாகிவிடும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எழுத என்னால் முடியவில்லை.

கண்காட்சியன்று அப்பா முதல்முறையாக நம் கல்லூரிக்கு வந்தார். எல்லோரும் மாடலைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் பலகையைத் தடவிப் பார்த்தார்.

வீட்டில் பழைய ரம்பம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள், நண்பர்களே!