பிடிக்க ஒரு வித்தை, பிழைக்க ஒரு வித்தை

பாறசாலை: மாலை வேளையில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பாசஞ்சர் வண்டி, நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டுப் போகிறது. ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்ற பெண்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், குமாஸ்தாக்கள், கட்டட வேலைக்குப் போய் வரும் நம்மவர்கள் எல்லாரும் அதில் உண்டு. நிலையத்தில் விளக்கு இருக்கிறது. அதைத் தாண்டி, ரப்பர் தோட்டத்து ஊடுவழியில் கால் வைக்கும்போதுதான் நெஞ்சு படபடக்கிறது.

"பிள்ளையை ஏதாவது தற்காப்புப் பயிற்சிக்கு அனுப்பினால் என்ன?" என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் எந்தப் பயிற்சி என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். போலீசாருக்குக் கற்றுத் தரும் வித்தை வேறு, சாதாரண மனிதனுக்கு வேண்டிய வித்தை வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் உடம்புக்கும் ஆபத்து, சட்டத்திலும் சிக்கல்.

விலகிப் போக முடியாத வேலை

2020 ஜனவரி 8 இரவு, களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியிலிருந்த தமிழ்நாடு சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டதை எல்லைப்புற மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். போலீஸ்காரரின் வேலையே அப்படிப்பட்டது. மற்றவர்கள் விலகிப் போகும் இடத்துக்கு அவர் நெருங்கிப் போக வேண்டும். சந்தேகப்பட்ட ஆளை நிறுத்த வேண்டும், சோதிக்க வேண்டும், கையைப் பின்னால் மடக்கி விலங்கு மாட்ட வேண்டும், உயிரோடு நிலையத்தில் சேர்க்க வேண்டும்.

ஆகவே அவர் பெறும் பயிற்சியில் மடக்குவதும் பிடித்து வைப்பதும்தான் முக்கியம். இருவராகவும் நால்வராகவும் சேர்ந்து ஒருவனை அடக்கப் பழகுகிறார்கள். இடுப்புத் துப்பாக்கியை எதிரி பறிக்காமல் காப்பதும் ஒரு பாடம். லத்தியைத் தலையில் போடாமல் இடுப்புக்குக் கீழே பயன்படுத்த வேண்டும் என்பது இன்னொரு பாடம். அவருக்குப் பின்னால் வயர்லெஸ் இருக்கிறது, ஜீப் இருக்கிறது, சட்டம் தந்த அதிகாரம் இருக்கிறது.

ரயிலிறங்கி வரும் பெண்ணுக்கு இவை எதுவும் இல்லை. எதிரியைப் பிடித்து வைக்க வேண்டிய கடமையும் இல்லை. அவனுடைய பிடியிலிருந்து விடுபட்டு, ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால் வெற்றி அவளுடையது. மணிக்கட்டைப் பிடித்தால் பெருவிரல் பக்கமாகத் திருகி உருவிக்கொள்வது, பின்னாலிருந்து கழுத்தை நெரித்தால் முகவாயைத் தாழ்த்தி மூச்சைக் காப்பது, உரக்கக் கத்துவது, பையைப் பறித்தால் பையை விட்டுவிட்டு ஓடுவது ஆகியவைதான் அவளுக்கு வேண்டிய பாடங்கள். கேரள போலீசார் பெண்களுக்கு இலவசமாகத் தற்காப்புப் பயிற்சி நடத்தி வருகிறார்கள். அங்கே பெண் போலீசார் சொல்லித் தருவதும் இந்த வகைப் பாடங்கள்தான். தங்களுடைய பரேடு மைதானப் பாடம் அல்ல.

ஆசான் வழி

இந்த வட்டாரத்துக்கு என்று ஒரு சொந்த வித்தையும் உண்டு. நெய்யாற்றின்கரையிலிருந்து கன்னியாகுமரி வரை அடிமுறை என்றும் தெக்கன் களரி என்றும் வழங்கும் கலை அது. வடக்கன் களரியைப் போலக் குழி தோண்டிக் கூரை வேய்ந்த இடம் இதற்குக் கட்டாயமில்லை; தென்னந்தோப்பே போதும். ஒற்றைச் சுவடு, கூட்டச் சுவடு, குறுவடி, சிலம்பம், பூட்டும் பிரிவும் என்று படிப்படியாகப் போகும். கடைசியில்தான் வர்மம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது ஆசான்மார் கணக்கு.

வர்மத்தை எல்லாருக்கும் சொல்லித் தருவதில்லை. பல ஆண்டுகள் உடனிருந்து, கோபம் அடங்கியவன் என்று தெரிந்த பிறகே சொல்வார்கள். அடியைச் சொல்லும் ஆசானே அதை இளக்கும் முறையையும் சொல்வார். எண்ணெய் போட்டுத் தடவி வைத்தியமும் பார்ப்பார். உடலுறுதியும் மன அடக்கமும் வேண்டுவோருக்கு இது நல்ல கலை. ஆனால் பத்து நாளில் கற்றுக்கொண்டு இரவு வழியில் பிரயோகிக்கக் கூடியதல்ல. 'பத்து நாளில் வர்மம்' என்று யாராவது சொன்னால் பணத்தைப் பத்திரப்படுத்திக் கொள்வதே முதல் தற்காப்பு.

பழைய கலை இருந்தாலும் போலீசுக்குத் தனி முறை தேவைப்படுகிறது என்பதற்கு ஜப்பான் நல்ல சாட்சி. ஜூடோ, கெண்டோ எல்லாம் பிறந்த நாடு அது. ஆனாலும் 1947-ல் டோக்கியோ போலீசார் அவற்றிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி, 'தைஹோ ஜுட்சு' என்ற கைது செய்யும் கலையைத் தனியாக வகுத்தார்கள். எதிரியை வீழ்த்துவது வேறு, காயமின்றிக் கைது செய்வது வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

சட்டம் போடும் கோடு

1938 ஆகஸ்ட் 31-ல் நெய்யாற்றின்கரையிலும், 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டைக் கண்ட மண் இது. அரசாங்கத்தின் கைப்பலத்துக்கு எல்லை வேண்டும் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவின்படி, கைதை எதிர்ப்பவனிடம் போலீசார் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாதவனைக் கொல்ல அந்தப் பிரிவு உரிமை தரவில்லை. தப்பாமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது 46-ஆம் பிரிவு.

குடிமகனின் தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும் காக்கலாம். ஆபத்து உண்டு என்ற நியாயமான அச்சம் எழும்போதே உரிமை பிறக்கிறது. அந்த அச்சம் தீர்ந்ததும் உரிமையும் தீர்கிறது. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. போலீஸ் உதவியை நாட நேரமிருந்தால் நாட வேண்டும் என்கிறது 37-ஆம் பிரிவு. திருடன் விழுந்து கிடக்கும்போது மிதிப்பதும், துரத்திப் போய் அடிப்பதும் தற்காப்பாகாது. மொழி புரியாத கோர்ட்டில் ஏறி இறங்கும் கூலித் தொழிலாளிக்கு அந்த ஓர் உதை எத்தனை நாள் சம்பளத்தைத் தின்னும் என்று கணக்குப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

அதற்காக, அடி வாங்கிக் கொண்டே நிற்கச் சட்டம் சொல்லவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகன் தாக்கப்படும்போது கோழையைப் போல நடந்துகொள்ள வேண்டியதில்லை என்று 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது.

எல்லையில் நடப்போருக்கு இன்னொரு செய்தி. சம்பவம் நடந்தது பாறசாலை எல்லையிலா, களியக்காவிளை எல்லையிலா என்று சொல்லிப் புகாரைத் தட்டிக் கழிக்க முடியாது. எந்த இடத்தில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. அவசர உதவிக்கு 112. ரயிலில் என்றால் 139. இந்த இரண்டு எண்களும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஓடிப் பிழைப்பது அவமானம் என்று நினைப்பவர்கள் ஒரு நடை நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலுக்குப் போய் வரலாம். எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவு அங்கேதான் இருக்கிறது. பலா மரப் பொந்தில் பதுங்கிப் பிழைத்த அந்த ராஜாதான் 1741-ல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்தார்.