தோட்டத்து வீட்டில் ஓர் இணைய அங்காடி

லின்சம், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் என நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் நிறைந்திருந்த காலம் அது. சம்பள நாள் வந்துவிட்டால், பட்டணத்துத் துணி வியாபாரி மிதிவண்டியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு லயத்து வாசலுக்கே வந்துவிடுவார். மற்ற நாள்களில் தோட்டக் கடைதான். கையில் பணம் இல்லாமலேயே அரிசியும் பருப்பும் வாங்கி வரலாம். அட்டையில் '555' என்று அச்சிட்ட சிறிய குறிப்பேட்டில் கடைக்காரர் தொகையை எழுதிக்கொள்வார். சம்பளம் கிடைத்ததும் கணக்குத் தீர்க்கப்படும்.

வாங்க வந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்பது கடைக்காரருக்குத் தெரியும். அரிசியில் கல் இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பது வாங்கியவருக்கும் தெரியும். இணைய அங்காடியில் இந்த அறிமுகம் இல்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. அந்தக் குறையை நிரப்புவதற்காகவே இணைய அங்காடியின் ஒவ்வொரு கூறும் அமைந்துள்ளது.

லாபு வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் முறுக்குச் சுட்டு விற்கும் ஓர் அம்மாவைக் கற்பனை செய்துகொள்வோம். முன்பு லயத்து வீடுகளே அவருடைய வாடிக்கையாளர்கள். இப்போது பல குடும்பங்கள் நீலாய்க்கும் சிரம்பானுக்கும் கிள்ளானுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. அவருடைய முறுக்கை விரும்புபவர்கள் இருக்கிறார்கள். ஆனால், எட்டத்தில் இருக்கிறார்கள். தீபாவளி வருமானம் குறையாமலிருக்க அவர் இணையத்தில் கடை திறக்க எண்ணுகிறார். அவருக்கு என்னென்ன தேவை?

முதலில் பெயரும் பதிவும் தேவை. தொழிலைத் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிய வேண்டும். 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டம் அவ்வாறு கூறுகிறது. அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே தொழில் நடத்தினால் ஆண்டுக் கட்டணம் 30 ரிங்கிட். கடைக்கென்று தனிப்பெயர் வைத்தால் 60 ரிங்கிட். 18 வயது நிறைந்தவரே பதிய முடியும் என்பதால் இந்த வேலையை அம்மாதான் செய்ய வேண்டும். விற்பது உணவு என்பதால், உணவு கையாளுவோருக்கான பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் அவருக்குக் கட்டாயம்.

அடுத்தது கடைக்கான இடம். சொந்த இணையத்தளம் அமைக்கலாம். அதற்கு முகவரிப் பெயர், பக்கங்களைச் சேமித்து வைக்கும் வழங்கி, பொருள்களைத் தேர்ந்தெடுத்து வைக்கும் இணையக் கூடை, பணம் பெறும் வசதி ஆகிய அனைத்தையும் தாமே ஏற்பாடு செய்ய வேண்டும். ஷோப்பி, லசாடா போன்ற மின்வணிகத் தளங்களில் இவை முன்கூட்டியே அமைந்திருக்கும்; அதற்காக ஒவ்வொரு விற்பனையிலும் தரகுப் பணம் பிடிப்பார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டாவது வழியே எளிது. வீட்டில் இணைய வசதி சரியில்லை என்றால் அருகிலுள்ள 'நாடி' எனும் தகவல் பரப்பு மையத்தை நாடலாம்.

பிள்ளைகள் பெரிதும் உதவக்கூடியது பொருளுக்கான பக்கத்தில்தான். வாங்குபவர் முறுக்கை ஒடித்துப் பார்க்க முடியாது. மணத்தை நுகரவும் முடியாது. படமும் சொற்களுமே அவருக்குக் கிடைப்பவை. சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படமே போதும். இணையத்தில் கிடைக்கும் அழகான படத்தை எடுத்துப் போடுவது ஏமாற்று வேலை. "மிகச் சுவையானது" என்று எழுதுவதால் பயனில்லை. எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். "அரிசி மாவு, உளுத்தம் மாவு, நெய், ஓமம், எள் சேர்த்தது, 400 கிராம்" என்று எழுதினால் வாங்குபவருக்குத் தகவல் கிடைக்கும். எள் ஒவ்வாதவருக்கு அந்த ஒரு சொல் மிகவும் முக்கியம். புட்டியில் ஒட்டும் சிட்டையிலும் பொருளின் பெயர், உட்பொருள்கள், நிகர எடை, தயாரித்தவர் பெயர், முகவரி ஆகியவை இருக்க வேண்டும்.

விலையில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். ஒரு புட்டி முறுக்கை 15 ரிங்கிட்டுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். மாவு, எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்ந்து 6 ரிங்கிட், புட்டி 1.50, பெட்டியும் குமிழி உறையும் 1.50, தரகு 1.50. செலவு 10.50 ரிங்கிட். மிஞ்சுவது 4.50. அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு, 7 ரிங்கிட் அனுப்புக் கட்டணத்தையும் தாமே ஏற்று, 'இலவச அனுப்புதல்' என்று அறிவித்தால் ஒவ்வொரு புட்டிக்கும் 2.50 ரிங்கிட் நட்டம். அதிகமாக விற்க விற்க நட்டமும் பெருகும். இதில் இரவெல்லாம் அடுப்பருகில் நின்ற உழைப்புக்குக் கூலி இன்னும் சேர்க்கப்படவில்லை.

அனுப்புக் கட்டணத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. முறுக்கு எடை குறைவானது. ஆனால் இடத்தை அடைக்கும். அஞ்சல் நிறுவனங்கள் பெட்டியின் நீள, அகல, உயரத்தைப் பெருக்கிப் பருமன் எடை காண்பது வழக்கம். 40 × 30 × 20 சென்டிமீட்டர் பெட்டியின் கன அளவை 6000 என்ற எண்ணால் வகுக்கும் நிறுவனம், அதை 4 கிலோவாகக் கருதும். உள்ளே இருப்பது 2 கிலோவாக இருந்தாலும் கட்டணம் 4 கிலோவுக்குத்தான். ஆகவே, பெட்டியைப் பொருளுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்க வேண்டும். பல தோட்டங்களில் கடிதங்கள் வீட்டுக்கு வராமல் தோட்ட அலுவலகத்திற்கே வந்து சேர்வது பழைய வழக்கம். அதனால் திரும்பி வரும் பொட்டலம் தொலையாமலிருக்க, வீட்டு எண், தோட்டத்தின் பெயர், '71900 லாபு' எனும் அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண் அனைத்தையும் தெளிவாக எழுத வேண்டும்.

பணத்தை மின்வணிகத் தளம் வழியாகவோ, டுயிட்நவ் கியூஆர் குறியீடு வழியாகவோ பெறலாம். பணம் கட்டிவிட்டதாக வாடிக்கையாளர் அனுப்பும் படத்தை மட்டும் நம்பிப் பொருளை அனுப்பிவிடக்கூடாது. அத்தகைய படங்களைப் போலியாக உருவாக்க முடியும். வங்கிக் கணக்கில் பணம் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பெட்டியைக் கட்ட வேண்டும்.

வாங்குபவரைக் காக்கவும் சட்டம் உண்டு. மின்வணிகப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகள் முதன்முதலில் 2013ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று நடப்புக்கு வந்தன. விற்பவரின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, அனுப்புக் கட்டணம் உட்பட முழு விலை, கிடைக்கும் காலம் ஆகியவற்றை வெளிப்படையாகக் காட்ட வேண்டும். ஆர்டர் வந்ததும் கிடைத்தது என்று பதிலளிக்க வேண்டும். விற்பனைப் பதிவுகளை வைத்திருப்பதும் நல்லது. 555 குறிப்பேடு செய்த வேலையை இப்போது இந்தப் பதிவுகள் செய்கின்றன.

முறுக்கு நொறுங்கிப் போய்ச் சேர்ந்தது என்று கிள்ளானிலிருந்து ஒருவர் படம் அனுப்பினால் என்ன செய்வது? மாற்றுப் புட்டி அனுப்புவதா, பணத்தைத் திருப்புவதா, எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும் என்பவற்றைக் கடை திறக்கும் முன்பே எழுதிப் பக்கத்தில் போட்டுவிட வேண்டும். இருவரும் உடன்படாவிட்டால், வாங்கியவர் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்திப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை.