பாடமும் தீர்ப்பும்

திருநெல்வேலியில் இரசிகமணி டி.கே.சி. தம் இல்லத்தில் கூட்டிய வட்டத்தொட்டியில், பாடலைச் சுவைபட ஓதிய பின்னரே அதன் நயம் பேசப்பெற்றது. கூடியிருந்தோர் அனைவரும் கேட்டது ஒரே பாடல். கம்பராமாயணத்தில் பல பாடல்களைப் பிற்செருகல் என அவர் விலக்கியபோதோ, புலவர் பலர் உடன்படவில்லை. எது கம்பர் வாக்கு என்பதிலேயே கருத்து வேறுபட்டால், தீர்ப்பு எங்ஙனம் ஒன்றாகும்?

இவ்வினா இன்று பெரும்பொருட்செலவில் உருவாகும் நிகழ்பட விளையாட்டுகளையும் தொடர்கிறது. போலந்து நாட்டு நிறுவனமான சிடி புரொஜெக்ட் பல்லாண்டு உழைத்து ஆக்கிய 'சைபர்பங்க் 2077', 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. அதற்குமுன் திறனாய்வாளர்க்குக் கணினிக்குரிய படி மட்டுமே தரப்பெற்றது, புகழுரை குவிந்தது. பிளேஸ்டேஷன் 4 கருவிக்கென வாங்கியோர் கண்டதோ வேறு: காட்சி உறைந்தது, ஆட்டம் நடுவே அறுந்தது. திறனாய்வாளர் பொய்யுரைக்கவில்லை, அவர்கள் படித்த பாடமே வேறு. ஏறத்தாழ ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் தன் இணைய அங்காடியிலிருந்து அதனை நீக்கி, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

2021 ஜூனில் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. ஏடெழுதுவோர் கைப்பிழையால் சுவடிப்பாடம் திரிந்ததுண்டு. இங்கு ஆக்கியோரே பாடத்தைத் திருத்திக்கொண்டிருந்தனர். 2023இல் வந்த பெருந்திருத்தத்துக்குப்பின், முன்பு இகழ்ந்தோருள்ளும் பலர் அதனைப் பாராட்டினர்.