கிழமை சொன்ன பிறந்த நாள்

கராச்சர்மாவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் 2024 மே 31 அன்று அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மாலையும் கையுமாக வீடு திரும்பியவரைப் பார்த்து அவருடைய தாயார் கேட்டாராம்: "உனக்கு மார்கழியிலேதானே அறுபது முடியுது? அதுக்குள்ளே ஏன்டா அனுப்பிட்டாங்க?"

சர்டிபிகேட்டில் உள்ள பிறந்த தேதி 1-6-1964. நண்பர் பிறந்தது ராமநாதபுரம் சீமையில் ஒரு கடலோரக் கிராமம். பள்ளியில் சேர்த்த அன்று, ஐந்து வயது கணக்காக வேண்டும் என்பதற்காக, ஜூன் முதல் தேதியை எழுதிவிட்டார்கள். அந்தக் காலத்தில் பல ஊர்களில் நடந்த கதைதான் இது.

தாயாருக்குத் தேதி தெரியாது. ஆனால் கிழமை தெரியும். "மார்கழி முதல் வெள்ளியிலே நீ பொறந்தே. அடுத்த செவ்வாய் ராத்திரி தனுஷ்கோடி முழுகிப் போச்சு" என்கிறார்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் ரயிலும் பயணிகளோடு அலைக்கு இரையாயிற்று. அந்தப் புயல் உருவானதே தெற்கு அந்தமான் கடலில்தான். தாயார் சொல்லும் கிழமை சரியா?

"1964 காலண்டருக்கு எங்கே போவது?" என்றார் நண்பர். போக வேண்டியதில்லை, 2020 காலண்டரே போதும்!

28 ஆண்டுக் கணக்கு

சாதாரண ஆண்டுக்கு 365 நாள். அதாவது 52 வாரமும் ஒரு நாளும். ஆகவே பிறந்த நாள் ஆண்டுதோறும் ஒரு கிழமை தள்ளிப் போகும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தாண்டும். இதனால் அதே தேதி அதே கிழமையில் மீண்டும் வர 5, 6 அல்லது 11 ஆண்டுகள் ஆகும். 28 ஆண்டில் சக்கரம் முழுமை பெறும். 1964, 1992, 2020 மூன்றுக்கும் ஒரே காலண்டர்தான். (2100 லீப் ஆண்டு அல்ல, அப்போது இந்த வரிசை தடைப்படும்.)

காலண்டரே இல்லாமல் பார்க்கவும் வழி உண்டு. எந்த ஆண்டிலும் 4/4, 6/6, 8/8, 10/10, 12/12 ஆகிய ஐந்து தேதிகளும் ஒரே கிழமையில் வரும். ஆங்கிலேயக் கணித மேதை ஜான் கான்வே 1973-ல் வகுத்த முறையின் அடிப்படை இது. 1964-ல் அந்தக் கிழமை சனி. டிசம்பர் 12 சனி என்றால், 18 வெள்ளி, 22 செவ்வாய். மார்கழி பிறப்பது டிசம்பர் நடுவில். முதல் வெள்ளி 18-ந் தேதியே. தாயார் சொன்னது இம்மி பிசகவில்லை. சர்டிபிகேட்டில் உள்ள ஜூன் 1-ந் தேதியோ திங்கட்கிழமை!

ஏழு மாதச் சம்பளம்

மத்திய அரசு விதிப்படி, அறுபது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. முதல் தேதியில் பிறந்தவருக்கு முந்திய மாதமே கடைசி. உண்மைத் தேதி பதிவாகியிருந்தால் நண்பர் 2024 டிசம்பர் 31 வரை பணியில் இருந்திருப்பார். போனது ஏழு மாதச் சம்பளம். பிறந்த தேதியைத் திருத்த, வேலையில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அப்போது அவர் தாயாரைக் கேட்கவில்லை.

2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரவும் அரசு வேலைக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. பதிவு செய்யும்போது தேதியோடு கிழமையையும் ஒத்துப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நண்பர் இப்போது பிறந்த நாள் கொண்டாடுவது டிசம்பர் 18-ல். தாயாருக்கு அதில் பரம திருப்தி.