உங்களுக்குத் தெரியுமா? – டஃப்டவுன் காட்டுப்பாதை

ரோமாபுரிக்கு ஏழு குன்று, டஃப்டவுனுக்கு ஏழு வடிசாலை என்று ஸ்காட்லாந்தில் ஒரு பழைய பேச்சு உண்டு. 1817இல் ஃபைஃப் பிரபு ஜேம்ஸ் டஃப் உருவாக்கிய சின்ன ஊர் இது. விஸ்கி ருசிக்க வருகிறவர்கள் பலர் ஊருக்குப் பின்னால் இருக்கும் காட்டை எட்டிப் பார்ப்பதில்லை. நஷ்டம் அவர்களுக்குத்தான்.

மோர்ட்லாக் தேவாலயத்தருகே தொடங்கி, டல்லன் ஓடையை ஒட்டியே போகிறது பாதை. அந்தத் தேவாலயத்துக்குள் பிக்ட் இன மக்கள் செதுக்கிய பழங்கல் ஒன்று இருக்கிறது. ஊரார் அதை ‘யானைக் கல்’ என்கிறார்கள். யானையைப் பார்த்தே இராதவர்கள் செதுக்கிய விலங்குக்குத் தும்பிக்கை போல நீண்ட மூக்கு! அது என்ன விலங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள்.

வெளியே கல்லறைத் தோட்டத்தில் ஒரு காவல் வீடு. செத்தவர்களுக்கு எதற்குக் காவல்? உடற்கூறு படிக்கும் கல்லூரிகளுக்குப் பிணங்களைத் தோண்டி விற்ற காலம் அது. கல்லூரிகளுக்கு உடல்கள் சட்டப்படி கிடைக்க வழிசெய்த 1832ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் அந்த வியாபாரம் படுத்தது.

ஓடையோரப் பாறையில் தண்ணீரே குடைந்துவைத்த இருக்கைக்கு ‘ராட்சசன் நாற்காலி’ என்று பெயர். ஓடைகளில் டிப்பர் என்ற பறவையைத் தேடுங்கள். குண்டு உடல், வெள்ளை மார்பு. கல்லின் மேல் நின்று முழங்கால் மடக்கி மடக்கி எழும். சட்டென்று நீருக்குள் இறங்கி, அடித்தரையில் நடந்தே புழுக்களைப் பொறுக்கும்.

விஸ்கிக் கிடங்குகளுக்குப் பக்கத்து மரங்கள் கரி பூசியதுபோல் கறுத்திருந்தால் தீப்பிடித்ததென்று நினைக்க வேண்டாம். ஓக் பீப்பாய்களில் இருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் விஸ்கி ஆவியாகிப் போகிறது. ‘தேவதைகளின் பங்கு’ என்று தொழிலில் செல்லமாகச் சொல்வார்கள். அந்தச் சாராய ஆவியில் செழிக்கும் பவுடோயினியா என்ற பூஞ்சைதான் பட்டையிலும் சுவரிலும் கறுப்பாகப் படிகிறது. ஆக, தேவதைகளுக்கு முன்னே பூஞ்சை பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது.

ஊரின் முதல் சட்டபூர்வ வடிசாலை மோர்ட்லாக், 1823. உலகமே அறிந்த கிளென்ஃபிடிக்கில் முதல் சொட்டு விழுந்தது 1887 கிறிஸ்துமஸ் அன்று.

ருசித்துவிட்டுக் கார் ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராமாக இருந்த மது வரம்பை ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் 50 ஆகக் குறைத்துவிட்டது. சாவியைப் பையில் போட்டுவிட்டு நடங்கள்.